குவிமாடத்துக்குக் கோள்கள் செய்வது எப்படி? புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கு

கோலாலம்பூர் ஏரிப்பூங்கா பக்கம், குன்றின் மேல் நீலக் கூரையோடு நிற்கும் தேசியக் கோளரங்கம் 1994-இல் திறக்கப்பட்டது. பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போய், விளக்கு அணைந்ததும் தலைக்கு மேல் கோள்கள் நகர்வதை அண்ணாந்து பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். இந்த மாதிரிப் படத்தை யார் செய்கிறார்கள், நாமும் செய்ய முடியுமா என்ற கேள்வி வந்தால் பதில் சுலபம்: முடியும். படிவம் 4 மாணவரும் செய்யலாம், கல்லூரியில் முதலாண்டு படிப்பவரும் செய்யலாம். ஓரளவு நல்ல மடிக்கணினி, பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள், நாசா இலவசமாகத் தரும் கோள் வரைபடங்கள் ஆகியவை போதும். கூடவே பொறுமையும் வேண்டும், ஏனென்றால் கணினி இரவெல்லாம் ஓடும்.

ஆனால் யூடியூபுக்கு வீடியோ செய்து பழகிய கை முதலில் ஒன்றை விட்டுவிட வேண்டும். அதுதான் ‘சட்டகம்’ என்கிற எண்ணம்.

சட்டகம் இல்லை, திசைதான் உண்டு

சினிமாத் திரைக்கு நான்கு ஓரங்கள் இருக்கின்றன. எதை உள்ளே வைப்பது, எதை வெளியே தள்ளுவது என்று படம் எடுப்பவர் முடிவு செய்கிறார். குவிமாடத்தில், அதாவது கோளரங்கத்தின் அரைக்கோள வடிவத் திரையில், அந்த அதிகாரம் அவருக்குக் கிடையாது. பார்ப்பவர் எந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பினாலும் அங்கே படம் இருக்கும். அதனால் ‘வியாழன் படத்தின் இடது மூலையில்’ என்று யோசிப்பதில் பயனில்லை. ‘வியாழன் முன்பக்கத்திலிருந்து இடதுபுறம் 40 டிகிரி தள்ளி, அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில், 25 டிகிரி அகலத்துக்கு’ என்றுதான் யோசிக்க வேண்டும். எல்லாமே கோணம். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்ற நுணுக்கங்கள் பெரும்பாலும் தானாகப் புரியும்.

அரைக்கோளம் முழுதும் பரவும் படத்தைக் கணினியில் எப்படிச் சேமிப்பது? ஒரு சதுரம், அதற்குள் ஓரங்களைத் தொடும் ஒரு வட்டம். இதற்கு டோம்மாஸ்டர் என்று பெயர். வட்டத்தின் மையம் உங்கள் தலைக்கு நேர் மேலே உள்ள உச்சி. வட்டத்தின் விளிம்பு, சுற்றிவர உள்ள அடிவானம். நான்கு மூலைகளும் கறுப்பு, அங்கே எதுவும் வராது. பார்வையாளரின் முன்பக்கம் வட்டத்தின் கீழ்ப்பாதியிலும், பின்பக்கம் மேல்பாதியிலும் இருக்கும். முதலில் இது தலைகீழாகத் தோன்றும். உட்கார்ந்த இடத்திலேயே தலையை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்துக் கூரையைப் பாருங்கள். முன்சுவர் பார்வையின் கீழ்ப்பகுதிக்கும், பின்சுவர் மேல்பகுதிக்கும் வந்துவிடும். அதே கணக்குத்தான் இதுவும்.

மையத்திலிருந்து விளிம்பு வரை 90 டிகிரி. அந்த 90 டிகிரியும் சமமான இடைவெளியில் பரவியிருக்கும். பாதித் தூரம் போனால் 45 டிகிரி, மூன்றில் ஒரு பங்கு போனால் 30 டிகிரி. அப்படியானால் ஒரு டிகிரிக்கு எத்தனை பிக்சல் என்பதை உடனே கண்டுபிடிக்கலாம். 4கே டோம்மாஸ்டர் என்பது 4096-க்கு 4096 பிக்சல். 180 டிகிரிக்கு 4096 என்றால் டிகிரிக்குச் சுமார் 23 பிக்சல்.

இந்த 23 என்ற எண்ணை மறக்கவே கூடாது. நிஜ வானத்தில் முழுநிலவின் அகலம் அரை டிகிரி. அதை அதே அளவில் குவிமாடத்தில் வைத்தால் 11 பிக்சல்தான் கிடைக்கும். அதில் எந்தப் பள்ளத்தைக் காட்டுவது? நல்ல பார்வையுள்ள ஒருவரின் கண் ஒரு டிகிரிக்குள் 60 புள்ளிகள் வரை பிரித்துப் பார்க்கும். 8கே படத்தில்கூட டிகிரிக்கு 45 பிக்சல்தான். ஆகவே குவிமாடப் படம் எப்போதும் கண்ணின் கூர்மைக்குச் சற்றுப் பின்னால்தான் நிற்கிறது. நுணுக்கம் காட்ட வேண்டிய எதையும் பெரிதாக, பல டிகிரி அகலத்துக்குக் காட்டியாக வேண்டும். 60 டிகிரி அகலத்துக்கு ஒரு சனி என்றால் 1365 பிக்சல் கிடைக்கும். அதில் வளையங்களின் இடைவெளி தெளிவாகத் தெரியும்.

இன்னொரு விஷயம், புதியவர்கள் எல்லோரையும் குழப்புவது. அடிவானத்துக்குப் பக்கத்தில் ஒரு கோளை வைத்தால் கணினித் திரையில் அது அகலவாட்டில் இழுபட்டு முட்டை வடிவமாகத் தெரியும். உருண்டையைத் தட்டையாக விரிப்பதால் விளிம்பருகே எல்லாம் ஒன்றரை மடங்குக்கும் மேல் பக்கவாட்டில் நீண்டுவிடுகிறது. அதைத் திருத்தப் போகாதீர்கள். குவிமாடத்தில் விழும்போது அது சரியான வட்டமாகிவிடும். திரையில் அழகாக வட்டமாக இருக்கும்படி திருத்தினால், கோளரங்கத்தில் ஒடுங்கிப்போன கோள்தான் தெரியும்.

பிளெண்டரில் இதற்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ரெண்டர் செய்ய, அதாவது காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்க, சைக்கிள்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, கேமரா வகையைப் பனோரமிக் என்று மாற்றி, அதில் ஃபிஷ்ஐ ஈக்விடிஸ்டன்ட் என்பதை எடுங்கள். பார்வைக் கோணம் 180, படம் சதுரம். சுழற்சி எண்கள் மூன்றும் பூஜ்யமாக இருந்தால் கேமரா நேராகக் கீழே பார்க்கும். எக்ஸ் அச்சில் 180 டிகிரி திருப்பினால் உச்சியைப் பார்க்கும். அப்போது ஒய் அச்சின் கூட்டல் பக்கம்தான் பார்வையாளரின் முன்பக்கம். அவ்வளவுதான், குவிமாடக் கேமரா தயார்.

அளவு: எங்கே பொய் சொல்ல வேண்டியிருக்கிறது

சூரிய மண்டலத்தைச் சரியான அளவில் காட்ட வேண்டும் என்ற ஆசை எல்லா மாணவருக்கும் வரும். நல்ல ஆசைதான். ஆனால் அது எவ்வளவு பெரிய இடம் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பத்துமலை முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். அந்த உயரமே குறுக்களவாக உள்ள ஒரு பந்துதான் சூரியன் என்று வைத்துக்கொள்வோம். பூமி 39 சென்டிமீட்டர் பந்து. அது இருக்க வேண்டிய இடம் சிலையிலிருந்து 4.6 கிலோமீட்டர் தள்ளி. வியாழன் 4 மீட்டருக்கும் கொஞ்சம் மேல், தெற்கே ஸ்ரீ கெம்பாங்கான் வரை போனால்தான் கிடைக்கும். யுரேனஸ் போர்ட் டிக்சன் கடற்கரையையும் தாண்டிவிடும். நெப்டியூன் 138 கிலோமீட்டரில், அதாவது மலாக்கா நகரத்துக்கும் அப்பால்.

இதையே பிக்சலில் போட்டுப் பாருங்கள். நெப்டியூனின் சுற்றுப்பாதை முழுவதும் 4096 பிக்சல் அகலத்துக்குள் அடங்க வேண்டுமானால், சூரியனுக்குக் கிடைப்பது ஒரு பிக்சலில் முக்கால் பங்குகூட இல்லை. பூமியைப் பற்றிப் பேசவே வேண்டாம். கோள்களின் அளவும் தூரமும் ஒரே காட்சியில் சரியாக இருக்க வழியே இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். என் கருத்தில், தேர்ந்தெடுத்ததை விளக்கவுரையிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ‘இங்கே கோள்களின் அளவுகள் ஒன்றுக்கொன்று சரி, தூரங்கள் சுருக்கப்பட்டவை’ என்று ஒரே ஒரு வாக்கியம். அண்ணாந்து பார்க்கும் ஆறு வயதுக் குழந்தை நாம் காட்டுவதை அப்படியே நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகும். அதனால் இந்த ஒரு வாக்கியத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஒரு கோளை உருவாக்குதல்

கோள் என்பது ஓர் உருண்டை, அதன் மேல் சுற்றப்பட்ட ஒரு வரைபடம். அந்த வரைபடம் எப்போதும் அகலம் இரண்டு, உயரம் ஒன்று என்ற விகிதத்தில் இருக்கும், ஏனென்றால் தீர்க்கரேகை 360 டிகிரி, அட்சரேகை 180 டிகிரி. நிலவுக்கு நாசா தரும் வரைபடங்கள் அருமையானவை. லூனார் ரெகனைசன்ஸ் ஆர்பிட்டர் விண்கலம் அளந்த மேடு பள்ளங்களின் உயரக் கணக்கும் கூடவே கிடைக்கும்.

பிறகு சில சின்னச் சின்ன உண்மைகளைச் சேர்க்க வேண்டும். இவைதான் ஒரு மாணவரின் படைப்பை உண்மையான கோளாக மாற்றுகின்றன. சனி சரியான உருண்டை இல்லை. வேகமாகச் சுழல்வதால் நடுவில் புடைத்து, துருவங்களில் தட்டையாகிவிட்டது. நடுக்கோட்டில் அதன் குறுக்களவு சுமார் 1,20,500 கிலோமீட்டர், துருவத்திலிருந்து துருவம் வரை சுமார் 1,08,700 மட்டுமே. உயரத்தை 0.9-ஆகக் குறையுங்கள், அது போதும். அச்சுச் சாய்வு பூமிக்கு 23.4 டிகிரி, செவ்வாய்க்கு 25.2, யுரேனஸுக்கு 97.8. யுரேனஸ் கிட்டத்தட்டப் படுத்தபடியேதான் சூரியனைச் சுற்றுகிறது. வெள்ளி பெரும்பாலான கோள்களுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது.

மேடு பள்ளங்களில் அடக்கம் தேவை. செவ்வாயின் ஒலிம்பஸ் மோன்ஸ் எரிமலை சுமார் 22 கிலோமீட்டர் உயரம், சூரிய மண்டலத்தின் மிக உயரமான மலைகளில் ஒன்று. ஆனால் செவ்வாயின் குறுக்களவு 6,780 கிலோமீட்டர். 60 டிகிரி அகலத்துக்குச் செவ்வாயைக் காட்டினால்கூட அந்த மலை விளிம்பில் நான்கு பிக்சல்தான் நீட்டிக்கொண்டிருக்கும். கரடுமுரடாகத் தெரியட்டும் என்று உயரத்தைப் பத்து மடங்கு கூட்டினால் பார்க்க மிரட்டலாக இருக்கும், ஆனால் அது செவ்வாய் இல்லை.

நிறத்திலும் கவனம் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஆரஞ்சு நிற வெள்ளி, மெகல்லன் விண்கலம் ரேடார் மூலம் அளந்த தரைக்கு நிறம் பூசியது. விண்வெளியிலிருந்து கண்ணால் பார்த்தால் வெள்ளி வெளிறிய வெண்மஞ்சள் மேகம் மட்டுமே. நெப்டியூனின் அடர்நீலமும் அப்படித்தான். 1989-இல் வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய படங்களில் மேகங்கள் தெரிய வேண்டும் என்பதற்காக நீலத்தைத் தூக்கிக் காட்டினார்கள். ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2024-இல் அதைச் சரிபார்த்து, நெப்டியூனும் யுரேனஸும் ஏறக்குறைய ஒரே வெளிர் பச்சை நீலம்தான், நெப்டியூன் ஒரு சாயல் மட்டும் கூடுதல் நீலம் என்று காட்டியது. பழைய வரைபடத்தை வைத்திருந்தால் நிறத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள்.

விளக்கு? ஒன்றே ஒன்று. சூரியன் மட்டும். கோள் நன்றாகத் தெரியட்டும் என்று நாலா பக்கமும் விளக்கு வைத்தால் கோள் தட்டையாகிவிடும். பகலும் இரவும் சந்திக்கும் அந்தக் கோடுதான் அதை உருண்டையாகக் காட்டுகிறது. சனிக்கு ஒற்றை விளக்கு வைத்தால் வளையங்களின் நிழல் கோளின் மேலும், கோளின் நிழல் வளையங்களின் மேலும் தானாக விழும். அதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியே தனி.

வெளிச்சத்தைக் குறைக்க இன்னொரு காரணமும் உண்டு. குவிமாடத்தின் ஒரு பக்கம் பளிச்சென்று இருந்தால் அந்த ஒளி எதிர்ப்பக்கம் தெறித்து அங்கே உள்ள கறுப்பை வெளுக்க வைத்துவிடும். சூரியனைப் பிரம்மாண்டமாகக் காட்டும் நொடியில் பின்னால் உள்ள நட்சத்திரங்கள் மங்கிப்போவது இதனால்தான். இருட்டை மிச்சம் வையுங்கள்.

வேகம்

முதலில் ஒரு கடிகாரத்தை முடிவு செய்யுங்கள். படத்தில் ஒரு நொடி என்பது நிஜத்தில் ஒரு மணி நேரம் என்று வைத்தால், வியாழன் சுமார் 10 நொடியில் ஒரு சுற்று சுற்றிவிடும். பூமிக்கு 24 நொடி. செவ்வாயும் கிட்டத்தட்ட அதேதான். வெள்ளி? அதன் ஒரு சுழற்சிக்கு 243 நாள். உங்கள் படத்தில் அது முடிய 97 நிமிடம் ஆகும்! அதாவது வெள்ளி அசையாமல் நிற்கும். அதுதான் உண்மை, நிற்கட்டும். எல்லாக் கோள்களும் ஒரே வேகத்தில் சுழல்வது மாணவர் படங்களில் அடிக்கடி வரும் தவறு.

அப்புறம், பார்ப்பவரின் வயிறு. குவிமாடம் கண் பார்வை முழுவதையும் நிரப்பிவிடுவதால், படம் நகர்ந்தால் தானே நகர்வதாக உடல் நம்பிவிடும். நாற்காலியில் அசையாமல் இருப்பவர் பறப்பது போல உணர்வதும், அடுத்த நிமிடமே குமட்டல் வருவதும் இதே காரணத்தால்தான். கேமராவை மெல்ல நகர்த்துங்கள், மெல்லத் தொடங்கி மெல்ல நிறுத்துங்கள். பக்கவாட்டில் உருட்ட வேண்டாம். காட்சியிலிருந்து காட்சிக்கு வெட்டித் தாவாமல், மங்கி மறைந்து அடுத்தது வரட்டும்.

இங்கேயும் 23 என்ற எண் உதவுகிறது. ஒரு கோள் குவிமாடத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஆறு நொடியில் கடந்தால் நொடிக்கு 30 டிகிரி. நொடிக்கு 30 பிரேம் (தனிப்படம்) என்றால் பிரேமுக்கு ஒரு டிகிரி, அதாவது ஒவ்வொரு பிரேமிலும் 23 பிக்சல் தாவல். கண்ணுக்கு அது விட்டு விட்டுத் துள்ளுவதாகத் தெரியும். அதே தூரத்தை ஒரு நிமிடத்தில் கடக்கட்டும். தாவல் இரண்டு பிக்சலுக்கும் கொஞ்சம் மேல்தான், வழுக்கிக்கொண்டு போகும். மடிக்கணினித் திரையில் ‘ரொம்ப மெதுவாக இருக்கிறதே’ என்று தோன்றும் வேகம்தான் பெரும்பாலும் குவிமாடத்துக்குச் சரியான வேகம்.

முக்கியமானதை முன்பக்கம், அடிவானத்திலிருந்து 20 முதல் 45 டிகிரி உயரத்துக்குள் வையுங்கள். எழுத்துகளும் அங்கேதான். உச்சியில் எதையாவது நீண்ட நேரம் காட்டினால் தாத்தா பாட்டிகளின் கழுத்து வலிக்கும். பின்பக்கம் ஏதாவது நடக்க வேண்டுமானால், முன்னாலிருந்து ஒரு பொருள் கிளம்பி அந்தப் பக்கமாகப் போகட்டும். பார்வை தானாகத் தொடரும்.

நம் வானம்

படத்தின் தொடக்கத்தில் தரையிலிருந்து பார்க்கும் வானம் வருமானால், அது கோலாலம்பூர் வானமாக இருக்கட்டும். வெளிநாட்டு மாதிரிக் கோப்புகளில் துருவ நட்சத்திரம் வானத்தின் பாதி உயரத்தில் நிற்கும். நாம் இருப்பது வட அட்சரேகை 3 டிகிரி. இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 3 டிகிரிதான் எழும்பி இருக்கும். டோம்மாஸ்டரில் விளிம்பிலிருந்து 70 பிக்சல்கூட இல்லை. நட்சத்திரங்கள் கிழக்கிலிருந்து ஏறக்குறைய செங்குத்தாக மேலே ஏறும். கோள்கள் நம் உச்சிக்குப் பக்கத்திலேயே கடந்துபோகும். அந்தி வானத்துப் பிறைநிலா சரிந்து நிற்காமல், இரண்டு முனைகளையும் ஏறக்குறைய மேலே காட்டிக்கொண்டு படுத்திருக்கும். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் மதியம் சுமார் 1.15-க்குச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்டுவைத்த கம்பின் நிழல் காணாமல் போகும். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் ஊரைக் கோலாலம்பூர் என்று வைத்துவிட்டால் இவை எல்லாம் சரியாக வரும். நம் பிள்ளைகள் வெளியே வந்து வானத்தைப் பார்த்தால், உள்ளே பார்த்ததே அங்கேயும் இருக்க வேண்டும்.

ரெண்டரும் சோதனையும்

ஒரு நிமிடப் படத்துக்கு 1,800 பிரேம். ஒரு பிரேமுக்கு இரண்டு நிமிடம் ஆனால் மொத்தம் 60 மணி நேரம். அதனால் முதலில் 1024 பிக்சலில் முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்து, வேகமும் இடமும் திருப்தியானபின் மட்டும் 4கே-க்குப் போங்கள். நேரடியாக வீடியோவாக ரெண்டர் செய்யாமல் ஒவ்வொரு பிரேமையும் தனித்தனிப் பி.என்.ஜி. படமாகச் சேமியுங்கள். சாயங்கால இடிமழையில் மின்சாரம் போனாலும் அதுவரை முடிந்த பிரேம்கள் பத்திரமாக இருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நட்சத்திரங்களை ஒரு பிக்சலுக்கும் குறைவாக வைக்காதீர்கள், கேமரா நகரும்போது மினுமினுக்கும். விண்வெளியில் நட்சத்திரம் மினுங்காது என்பதால் அது கண்ணுக்குத் தப்பாகவே படும்.

விளக்கவுரையை அனிமேஷனுக்கு முன்பே எழுதி, குரல் பதிவு செய்துவிடுவது நல்லது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ‘இந்த வளையங்களின் தடிமன் பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் அளவுதான்’ என்ற வாக்கியத்தில் ஆச்சரியம் முடிவில்தான் இருக்கிறது. வளையம் விளிம்புப் பக்கமாகத் திரும்பி ஒரு மெல்லிய கோடாகும் நொடி, அந்தச் சொல்லோடு சேர்ந்து வர வேண்டும். குரல் முதலில் கையில் இருந்தால் இதைச் சரியாகப் பொருத்தலாம்.

குவிமாடம் இல்லாமல் சோதிக்கவும் வழி உண்டு. பிளெண்டரிலேயே ஓர் அரைக்கோளம் செய்து, முடிந்த படத்தை அதன் உட்புறம் ஒட்டி, நடுவில் சாதாரணக் கேமரா வைத்துச் சுற்றிப் பாருங்கள். வி.ஆர். கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. பள்ளியில் காட்ட வேண்டுமென்றால் காற்றடைத்த சிறிய குவிமாடம், ஒரு சாதாரண புரொஜெக்டர், படத்தைக் குவிமாடத்தின் மேல் பிரதிபலிக்க ஒரு கோள வடிவ முகக்கண்ணாடி ஆகியவை போதும். ஆஸ்திரேலியாவின் பால் போர்க் உருவாக்கிப் பரப்பிய முறை இது. ஸ்டெல்லேரியத்திலும் இதற்கான அமைப்பு இருக்கிறது.

கோளரங்கம் ஒன்றில் போட வாய்ப்புக் கிடைத்தால், ரெண்டர் தொடங்கும் முன்பே அங்குள்ள தொழில்நுட்பப் பணியாளரிடம் நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை பிக்சல், நொடிக்கு எத்தனை பிரேம், குவிமாடம் சாய்வாக இருக்கிறதா நேராக இருக்கிறதா, ஒலி எத்தனை தடங்களில் வேண்டும். பல புரொஜெக்டர்கள் சேர்ந்து படம் காட்டும் அரங்கமென்றால் உங்கள் வட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்துப் பொருத்தும் வேலையை அவர்களுடைய கணினியே பார்த்துக்கொள்ளும். நீங்கள் கொடுக்க வேண்டியது வரிசை எண் விடுபடாத பிரேம்களும், தனியாக ஒலிக் கோப்பும்தான்.